டேப்லெட்டில் மருந்து லேபிளைத் தேடுவது: கீபோர்ட் ஷார்ட்கட்களுடன் முழுமையான வழிகாட்டி

வார்டு ரவுண்ட்ஸில் டாக்டர் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்: "இவருக்கு ஈஜிஎஃப்ஆர் 38. மெட்ஃபார்மின் ஆரம்பிக்கலாமா?" ஈஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் எண்; மெட்ஃபார்மின் ஒரு சர்க்கரை மருந்து. பதில் நம் கையிலிருக்கும் டேப்லெட்டில் இருக்கிறது. ஆனால் நீளமான லேபிளை, அதாவது மருந்தைப் பற்றி நிறுவனம் தரும் முழுத் தகவல் ஏட்டை, விரலால் தள்ளிக்கொண்டே போனால், பதில் கிடைப்பதற்குள் எல்லோரும் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள்.

மருத்துவமனை மருந்தகத்தில் மருந்துத் தகவல் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் ஃபார்ம்-டி மாணவர்களும் புதிய சிஸ்டர்களும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது. ஷார்ட்கட் கற்றுக்கொள்வது ஒரு நாள் வேலை. எந்த விசையை எப்போது அழுத்துவது என்ற வரிசைதான் கைக்கு வர நாளாகிறது. மருந்து கொடுப்பவர்களுக்கும் சரிபார்ப்பவர்களுக்குமான வழிகாட்டி இது. நோயாளி தன் டோஸைத் தானே மாற்றிக்கொள்வதற்கானது அல்ல.

1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு டேப்லெட், சிறிய புளூடூத் கீபோர்ட், குரோம் பிரவுசர். இவை போதும். ஐபேட் வைத்திருப்பவர்கள் கீழே 'கண்ட்ரோல்' என்று வரும் இடங்களில் பெரும்பாலும் 'கமாண்ட்' விசையை அழுத்த வேண்டும். கமாண்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால், அந்த இடத்தில் வேலை செய்யும் ஷார்ட்கட்களின் பட்டியலை ஐபேடே காட்டிவிடும்.

மருந்துச் செயலிகளை விட்டுவிட்டு பிரவுசரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல செயலிகள் விரலால் தொடுவதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் எல்லா விசைகளும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதே விசைகள்தான்.

அடுத்து, ஆட்டோகரெக்ட்டை அணைத்துவிடுங்கள். மருந்துப் பெயர்கள் அகராதியில் இல்லாத சொற்கள். நாம் சரியாக அடித்ததை அது 'திருத்தி' வேறு சொல்லாக்கிவிடும், நாம் கவனிக்கவும் மாட்டோம்.

கீபோர்டின் மொழி ஆங்கிலத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதிவிட்டு அப்படியே தேட வருகிறவர்களுக்கு, தேடல் பெட்டியில் தமிழ் எழுத்து வந்து நிற்கும். வேலைக்கான டேப்லெட்டில் ஆங்கில லேஅவுட் மட்டும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கீபோர்டுக்கு ஒரு சிலிக்கான் உறை போடுங்கள். படுக்கைக்குப் படுக்கை போகும் பொருள் அது. துடைக்க முடியாத கீபோர்டை வார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

2. எந்தத் தளத்தைத் திறப்பது என்று முடிவு செய்யுங்கள்

நான் முதலில் திறப்பது டெய்லிமெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. நிறுவனங்கள் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குக் கொடுத்த லேபிள்கள் அதில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டாவது, பிரிட்டன் லேபிள்கள் இருக்கும் ஈஎம்சி. நம் நாட்டுக்கு இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் வெளியிடும் நேஷனல் ஃபார்முலரி ஆஃப் இந்தியா என்ற மருந்துக் கையேடு இருக்கிறது. அதையும் எட்டும் தூரத்தில் வையுங்கள்.

இவற்றை புக்மார்க் செய்து 'டிஎம்', 'ஈஎம்' என்று இரண்டெழுத்துப் பெயர் கொடுங்கள். கண்ட்ரோல் எல் அழுத்தினால் முகவரிப் பட்டைக்குப் போவோம். இரண்டெழுத்தை அடித்தால் புக்மார்க் கீழே வரும். கீழ் அம்புக்குறியால் அதில் நின்று என்டர். கூகுளில் மருந்துப் பெயரைப் போட்டுத் தேடும் பழக்கத்தை இது தானாகவே விடவைக்கும். கூகுளில் முதலில் வருவது லேபிளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

3. பெயரை அடிப்பது: இங்கே மட்டும் அவசரம் வேண்டாம்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிராண்டு பெயரை அடிக்காதீர்கள். அட்டையிலுள்ள ஜெனரிக் பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, பார்த்து அடியுங்கள். ஒரே மாதிரியான பிராண்டு பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு வேறு மருந்தாக இருக்கலாம். இங்கே கூட்டு மருந்துகளும் அதிகம். பிராண்டு பெயரின் வால் எழுத்து ஒன்று மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும்.

அப்புறம், நம் பெயரும் அமெரிக்கப் பெயரும் வேறு. நாம் பாராசிட்டமால் என்பது அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். கிளிபென்கிளமைட் அங்கே கிளைபுரைட். ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின் ஆகிறது. பெத்திடின் மெபெரிடின் ஆகிறது. அட்ரினலின் எபிநெஃப்ரின் ஆகிறது. பிரிட்டன் பெயர்கள் பெரும்பாலும் நம் பெயர்களோடு ஒத்துப்போகும். டெய்லிமெட்டில் தடுமாறினால் ஈஎம்சிக்குப் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில மருந்துகள் அமெரிக்காவில் இல்லவே இல்லை. டாம்பெரிடோன், எட்டோரிகாக்சிப், அசிக்ளோஃபெனாக், கார்பிமசோல் எல்லாம் இங்கே தினமும் பார்ப்பவை. அங்கே அனுமதி பெறாதவை. தேடலில் ஒன்றும் வராதபோது 'நான்தான் ஸ்பெல்லிங்கைத் தப்பாக அடித்துவிட்டேன்' என்று நினைத்து, பட்டியலில் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒருமுறை ஒரு மாணவி கார்பிமசோல் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் தேடினாள். சி, ஏ, ஆர், பி என்று நாலு எழுத்து அடித்ததும் பட்டியலில் கார்பமசெபின் வந்தது. கீழ் அம்பு, என்டர். எல்லாம் நொடியில் நடந்தது, கை அவ்வளவு வேகம். நோயாளி தைராய்டுக்காக வந்தவர். திரையிலோ வலிப்பு பற்றிய லேபிள். முதல் பத்தியைப் படிக்கும்போதே அவள் தானாக நிறுத்திவிட்டாள். எண்ணை மட்டும் தேடிப் போயிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டாள். கார்பிமசோல் உடலுக்குள் போய் மெத்திமசோலாக மாறுகிறது. அமெரிக்காவில் இருப்பது அந்த மெத்திமசோல்தான்.

குறைந்தது 5 எழுத்து அடித்த பிறகே பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பது மருந்துப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லப்படும் விதி. நல்ல விதி, ஆனால் அதுவும் எல்லா இடத்திலும் போதாது. எம், இ, டி, ஓ என்று தொடங்குபவை மெட்டோப்ரோலால், மெட்டோக்ளோப்ரமைட், மெட்டோலசோன். ஐந்தாவது எழுத்தில் பிரிந்துவிடும். ஆனால் ப்ரெட்னிசோனும் ப்ரெட்னிசோலோனும் முதல் 8 எழுத்து வரை ஒன்றுதான். ஹைட்ரோ என்று ஐந்து எழுத்து அடித்தால் ஹைட்ரோகார்டிசோன், ஹைட்ரோகுளோரோதயசைட், ஹைட்ராக்சிசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஹைட்ராக்சியூரியா எல்லாமே வரிசையில் நிற்கும்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: 5 எழுத்து அடித்து நிறுத்துங்கள். கீழ் அம்பால் இறங்குங்கள். என்டர் அழுத்தும் முன் பெயரின் கடைசிப் பாதியை வாய்விட்டுப் படியுங்கள். ஒத்த பெயர்களுக்குப் பெரும்பாலும் முன்பாதி ஒன்று, பின்பாதி வேறு. கண் இயல்பாக முன்பாதியைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடும். வாய்விட்டுப் படித்தால் பின்பாதிக்கும் போகும்.

4. சரியான லேபிளைத் தேர்ந்தெடுங்கள்

டெய்லிமெட்டில் ஒரே மருந்துக்குப் பல நிறுவனங்களின் லேபிள்கள் வரும். கால்நடை மருந்துகளின் லேபிளும் அங்கே உண்டு. மனிதர்களுக்கான, டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து என்ற வடிகட்டியை முதலில் போடுங்கள்.

அடுத்து மருந்தின் வடிவம். மாத்திரையா, ஊசியா, சாதாரண மாத்திரையா, மெதுவாகக் கரைவதா? டேப் விசையால் ஒவ்வொரு முடிவாகத் தாவி, தலைப்பு முழுவதையும் படித்த பிறகு என்டர். தவறான பக்கம் திறந்தால் ஆல்ட்டோடு இடது அம்பு. முந்தைய பட்டியலுக்கே திரும்பிவிடலாம்.

லேபிளில் அது கடைசியாகத் திருத்தப்பட்ட மாதமும் வருடமும் இருக்கும். இரண்டு லேபிள்கள் வேறுபட்டால் புதிதாகத் திருத்தியதை எடுங்கள்.

5. மூடியிருக்கும் பகுதிகளைத் திறந்த பிறகே தேடுங்கள்

டெய்லிமெட் பக்கத்தில் பல பகுதிகள் மூடியபடி வரும். கண்ட்ரோல் எஃப் அழுத்தி ஒரு சொல்லைத் தேடினால், மூடிய பகுதிக்குள் இருப்பது கிடைக்காமல் பூஜ்ஜியம் என்று காட்டிவிடும். புதியவர்கள் இதை 'லேபிளில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிறுநீரகக் கோளாறில் கொடுக்கக் கூடாத மருந்துக்கு இப்படி ஒரு பதில் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பக்கம் திறந்ததும் முதல் வேலை, 'வியூ ஆல் செக்ஷன்ஸ்' என்ற இணைப்பை அழுத்துவது. விரலால் தொட்டாலும் சரி. அதற்குப் பிறகுதான் கண்ட்ரோல் எஃப்.

6. பகுதி எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

விசைகளைவிட அதிக நேரம் மிச்சமாவது இதில்தான். 2006-இல் எஃப்டிஏ கொண்டுவந்த வடிவத்தில் இருக்கும் எல்லா லேபிளிலும் எண்கள் ஒன்றே. 1 எதற்காக, 2 டோஸ், 4 யாருக்குக் கூடாது, 5 எச்சரிக்கை, 6 பக்கவிளைவு, 7 மற்ற மருந்துகளோடு மோதல், 8 தனிக் கவனம் தேவைப்படுபவர்கள், 10 அளவு மீறினால், 17 நோயாளிக்குச் சொல்ல வேண்டியவை. 8-க்குள்ளே 8.1 கர்ப்பம், 8.2 தாய்ப்பால், 8.4 குழந்தைகள், 8.5 முதியவர்கள். பழைய லேபிளில் தாய்ப்பால் 8.3-இல் இருக்கும். சிறுநீரகம் பல லேபிள்களில் 8.6, ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. தலைப்பைப் படித்து உறுதி செய்யுங்கள்.

பிரிட்டன் லேபிளில் எண்கள் வேறு: 4.2 டோஸ், 4.3 கூடாதவர்கள், 4.4 எச்சரிக்கை, 4.5 மோதல், 4.6 கர்ப்பமும் தாய்ப்பாலும், 4.8 பக்கவிளைவு, 4.9 அளவு மீறினால், 6.4 சேமிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கீபோர்டின் பின்புறம் ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

கண்ட்ரோல் எஃப், 8.1, என்டர். நேரே கர்ப்பப் பகுதிக்குப் போகலாம். அதே எண் பக்கவிளைவு அட்டவணையில் சதவீதமாகவும் வந்து நிற்கலாம். அப்போது கண்ட்ரோல் ஜி அழுத்தி அடுத்ததற்குப் போங்கள்; ஷிஃப்டும் சேர்த்தால் முந்தையதற்குப் போகும். தடித்த எழுத்துத் தலைப்பு வரும் வரை நிற்க வேண்டாம். மிகப் பழைய மருந்துகள் சிலவற்றின் லேபிளில் இந்த எண்களே இருக்காது. அவற்றில் சொல்லை வைத்துத்தான் தேட வேண்டும்.

7. தேடும் சொல்லைக் குட்டையாக அடியுங்கள்

முழுச் சொல்லை அடித்தால் அதன் ஒரு வடிவம்தான் கிடைக்கும். 'பிரெக்னன்' என்பதோடு நிறுத்தினால் பிரெக்னன்ட், பிரெக்னன்சி இரண்டும் வரும். டி, ஐ, ஏ, எல், ஒய் என்று ஐந்து எழுத்தோடு நிறுத்தினால் டயாலிசிஸும் வரும், ஹீமோடயாலிசிஸும் வரும். ஹீமோ என்பதை பிரிட்டனில் ஒரு விதமாகவும் அமெரிக்காவில் வேறு விதமாகவும் எழுதுவார்கள். நடுவிலுள்ள எழுத்துகளைத் தேடினால் அந்தத் தொல்லை இல்லை. வயிற்றுப்போக்குக்கும் அப்படியே: முதல் ஐந்தாறு எழுத்து போதும், வால் இரண்டு நாட்டுக்கும் வேறு.

ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு சொல்லையும் போட்டுப் பாருங்கள். சிறுநீரகத்துக்கு 'ரீனல்', 'கிட்னி', 'கிரியேட்டினின்', 'ஈஜிஎஃப்ஆர்' நான்கும் உண்டு. நான்கும் பூஜ்ஜியம் என்றால் மட்டுமே 'லேபிளில் இல்லை' என்று சொல்லலாம். அப்போதும் 'இல்லை' என்பது 'பயமில்லை' என்று ஆகிவிடாது. அதையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள்.

8. ஒரு முழுத் தேடல், விசை விசையாக

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஈஜிஎஃப்ஆர் 38, மெட்ஃபார்மின் புதிதாக ஆரம்பிக்கலாமா?

கண்ட்ரோல் டி: புதிய டேப். ஏற்கெனவே திறந்திருக்கும் லேபிளை மூட வேண்டாம். வேறு யாராவது கேட்ட பாதிக் கேள்வி அதில் நிற்கலாம். டிஎம் அடித்து, கீழ் அம்பால் புக்மார்க்கில் நின்று என்டர், டெய்லிமெட் திறக்கிறது. மெட்ஃபார்மின் என்பதன் முதல் ஐந்து எழுத்தை அடித்து, இறங்கி, வாய்விட்டுப் படித்து, என்டர். ஒரே மாத்திரையில் இன்னொரு சர்க்கரை மருந்தும் சேர்ந்த கூட்டு லேபிள்கள் நிறைய வரும். மெட்ஃபார்மின் மட்டும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் பகுதிகளையும் திறந்துவிடுங்கள்.

இப்போது கண்ட்ரோல் எஃப், ஈஜிஎஃப்ஆர், என்டர். ஒவ்வொரு இடமாக கண்ட்ரோல் ஜி. டோஸ் பகுதியில் சிறுநீரகத்துக்கென்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. 30-க்குக் கீழே என்றால் கொடுக்கவே கூடாது. 30-க்கும் 45-க்கும் இடையில் புதிதாக ஆரம்பிக்கப் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு 45-க்குக் கீழே இறங்கினால், தொடர்வதால் வரும் நன்மை தீமையை எடைபோட வேண்டும்.

பதில் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிற்காதீர்கள். இன்னும் இரண்டு முறை கண்ட்ரோல் ஜி அழுத்துங்கள். அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் கொடுத்து ஸ்கேன் எடுக்கும்போது, 30-க்கும் 60-க்கும் இடையில் இருப்பவருக்கு மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்லும் உட்பிரிவும் பக்கத்திலேயே இருக்கிறது. 38 அதற்குள் வருகிறது. 'ஏற்கெனவே சாப்பிடுகிறாரா? ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா?' என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் இப்படித்தான் கிடைக்கும்.

9. டெக்ஸ்ட் ஷார்ட்கட்: பெயருக்கு மட்டும், டோஸுக்கு ஒருபோதும் வேண்டாம்

நாலெழுத்து அடித்தால் முழுச் சொல்லாக விரியும் வசதி ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்ட், டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் என்ற இடத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் பெர்சனல் டிக்ஷனரியில் சேர்க்கலாம். அதில் சொல் தானாக விரியாது, திரைக் கீபோர்டின் மேலே பரிந்துரையாக வரும், தொட்டு எடுக்க வேண்டும்.

இந்த வசதியை நம் பெயரிலிருந்து அமெரிக்கப் பெயருக்குப் போகும் பாலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அரைப்புள்ளி, அதை ஒட்டி 'பாரா' என்பதற்கான எழுத்துகள். அசிட்டமினோஃபென் என்று விரியும். முன்னால் அரைப்புள்ளி எதற்கு? வெறும் எழுத்துகளாக வைத்தால் வேறு ஏதோ எழுதும்போதும் அது குறுக்கே விரிந்துவிடும். எந்தச் சொல்லும் அரைப்புள்ளியில் தொடங்காது.

மெத்தோட்ரெக்சேட்டுக்குச் சுருக்கம் வைக்காதீர்கள். சுருக்கெழுத்தால் குழப்பம் வரும் மருந்துகளில் அது முக்கியமானது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுப்பதைத் தினமும் என்று கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. டோஸ், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எதையும் ஷார்ட்கட்டாகச் சேமிக்க வேண்டாம். லேபிள் திருத்தப்படும், நம் டேப்லெட்டிலிருக்கும் ஷார்ட்கட் பழைய எண்ணையே விரித்துக்கொண்டிருக்கும்.

10. காப்பி செய்யும்போது

எண்ணை மட்டும் காப்பி செய்யாதீர்கள். முழு வாக்கியத்தை அலகோடு எடுங்கள். 'பெரியது', 'சிறியது' என்பதற்கான கோணக் குறிகள் சில மென்பொருளில் ஒட்டும்போது கட்டமாக மாறிவிடும் அல்லது காணாமல் போய்விடும். குறி போய்விட்டால் '30-க்குக் கீழே' என்பது வெறும் 30 ஆகிவிடுகிறது. ஒட்டியதும் அந்த இடத்தில் சொல்லாகவே எழுதிவிடுங்கள். மைக்ரோகிராமின் கிரேக்க எழுத்துக்கும் இதே கதிதான்.

11. இரண்டு மருந்து சேரலாமா என்று பார்க்கும்போது

இரண்டு டேப்பில் இரண்டு லேபிள். கண்ட்ரோலோடு டேப் விசையை அழுத்தி மாறி மாறிப் போகலாம். சிம்வாஸ்டாட்டின் லேபிளில் கிளாரித்ரோமைசினைத் தேடுங்கள். கிளாரித்ரோமைசின் லேபிளில் சிம்வாஸ்டாட்டினைத் தேடுங்கள். ஒரு பக்கம் பார்த்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. சில லேபிள்கள் மருந்தின் பெயரைச் சொல்லாமல் அதன் வகையை மட்டும் சொல்லும். இன்னொன்றில்தான் பெயர் இருக்கும். பெயர் கிடைக்காவிட்டால் வகைப் பெயரையும் தேடுங்கள்.

7-ஆம் பகுதியை மட்டும் படித்துவிட்டும் நிற்காதீர்கள். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் சேரவே கூடாது என்பது 4-ஆம் பகுதியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

12. நெட் இல்லாத வார்டுக்கு

அடித்தளத்தில் இருக்கும் ஐசியு, ஸ்கேன் அறை போன்ற இடங்களில் சிக்னல் கிடைக்காது. அடிக்கடி கேட்கப்படும் 20 மருந்துகளின் லேபிளை பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். கோப்பின் பெயரில் ஜெனரிக் பெயரும் திருத்தப்பட்ட மாதமும் வருடமும் இருக்கட்டும். திறக்கும் முன்பே பழையதா புதியதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த இருபதையும் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறியதை மட்டும் மாற்றுங்கள். பழைய கோப்பை அழித்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், அவசரத்தில் கை எதைத் திறக்கும் என்று சொல்ல முடியாது.